முள் 15-ல் நிற்கிறது, கிருமி செத்ததா? ஆட்டோகிளேவ் கேள்வி-பதில்

அழுத்தமேற்றிய நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ், டெல்டா மாவட்டங்களில் இப்போது ஆஸ்பத்திரிச் சாமான் மட்டுமில்லை. காளான் வளர்ப்போர், லேப் வைத்திருப்போர், பல் டாக்டர்கள் எனப் பலரும் வாங்குகிறார்கள். இந்த முறை கேள்விகள் முழுக்க அதைப் பற்றித்தான்.

கேள்வி (கும்பகோணம், நர்ஸிங் ஹோம் செவிலியர்): எங்கள் வெர்டிகல் (மேலே மூடி திறக்கும், நிமிர்ந்த) ஆட்டோகிளேவில் 15 பவுண்டு பிரஷர் வந்ததும் 20 நிமிடம் வைக்கிறோம். பொட்டலத்தில் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு பளிச்சென்று விழுகிறது. போன மாதம் முதல்முறையாக ஸ்போர் டெஸ்ட் போட்டோம். மிஷினில் வைத்த ஆம்பியூல் மஞ்சளாகிவிட்டது. மிஷின் விற்றவரைக் கேட்டால், "ஆம்பியூல் பழசாக இருக்கும், விடுங்கள்" என்கிறார். புது மிஷின் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் விற்றவர் சொன்ன காரணம். அது தலைகீழ். ஆம்பியூலுக்குள் இருப்பவை சூட்டை மிக நன்றாகத் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்). அவை உயிரோடு இருந்து முளைத்தால்தான் ஊதா நிறம் மஞ்சளாகும். காலாவதியான ஆம்பியூலில் வித்து தானாகவே செத்திருந்தால் அது ஊதாவாகவே நிற்கும். பழைய ஆம்பியூல் கெட்ட மிஷினை நல்ல மிஷின் என்று வேண்டுமானால் காட்டலாம், நல்லதைக் கெட்டதாகக் காட்டாது. உங்கள் ஆம்பியூல் உண்மையைத்தான் சொல்கிறது.

டேப்பை நம்பியதும் தவறு. இந்தப் பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கறுப்புக் கோடு அடையாளம். உள்ளே இருந்த கத்தரிக்கோல் சுத்தமானதா என்பது அதற்குத் தெரியாது.

அப்படியானால் தவறு எங்கே? பெரும்பாலும் காற்றில். கிருமியைக் கொல்வது பிரஷர் அல்ல, 121 டிகிரி நீராவி. சட்டிக்குள் சுத்த நீராவி மட்டும் இருந்தால்தான் 15 பவுண்டுக்கு 121 டிகிரி வரும். பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிட்டால் அதே 15 பவுண்டுக்குச் சுமார் 112 டிகிரிதான். காற்றை வெளியேற்றவே இல்லை என்றால் 100 டிகிரி. மூன்று நிலையிலும் கேஜ் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

வீட்டுக் குக்கரில் ஆவி நேராகச் சீறி வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? இங்கும் அதேதான். மூடியை மாட்டும்போது விங் நட்களை எதிரெதிராக இரண்டிரண்டாக முறுக்குங்கள். வரிசையாக முறுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆவி கசியும். காற்று வெளியேறும் வென்ட் வால்வைத் திறந்தே வைத்து ஹீட்டரைப் போடுங்கள். முதலில் விட்டு விட்டுப் 'புஸ் புஸ்' என்று வரும், அது காற்றும் ஆவியும் கலந்தது. இடைவிடாமல் ஒரே கற்றையாக ஆவி வரத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து இன்னும் 5 முதல் 10 நிமிடம் விட்டு, அதன்பின் வால்வை மூடுங்கள். 121 டிகிரி வந்த பிறகுதான் நேரக் கணக்கு ஆரம்பம். துணியில் சுற்றிய பொட்டலத்துக்கும், கட்டுத்துணி அடுக்கும் டிரஸ்ஸிங் டிரம்முக்கும் 20 நிமிடம் போதாது, 30 வையுங்கள். நடுவில் கரண்ட் போய்ச் சூடு இறங்கினால் விட்ட இடத்திலிருந்து எண்ணக் கூடாது. மறுபடி பூஜ்யத்திலிருந்துதான்.

இன்னொன்றும் பாருங்கள். டிரஸ்ஸிங் டிரம்மின் பக்கவாட்டில் ஒரு பட்டை உண்டு. அதை நகர்த்தினால் துளைகள் திறக்கும். உள்ளே வைக்கும்போது துளைகள் திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்ததும் உடனே மூட வேண்டும். பல இடங்களில் இது நேர்மாறாக நடக்கிறது. கிண்ணம், கிட்னி டிரே போன்றவற்றை நிமிர்த்தி வைக்காதீர்கள். காற்று நீராவியை விடக் கனமானது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் எங்கே தேங்குமோ அங்கேதான் காற்றும் தேங்கும். சாய்த்து வைத்தால் வழிந்துவிடும். கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸ் எல்லாம் வாய் திறந்திருக்கட்டும். சட்டி முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு மறுபடி டெஸ்ட் போடுங்கள். ஒரு ஆம்பியூலை டிரம்மின் நட்டநடுவில், துணி மடிப்புக்குள் வையுங்கள். மேலே ஓரமாக வைத்தால் எல்லா மிஷினும் பாஸ்தான். அதே பேட்ச் ஆம்பியூல் ஒன்றைச் சூடு காட்டாமல் வெளியே வையுங்கள். இரண்டையும் 55 முதல் 60 டிகிரி இன்குபேட்டரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை, பொதுவாக 24 அல்லது 48 மணி நேரம் வைக்க வேண்டும். வெளியே இருந்தது மஞ்சளாகி, உள்ளே போனது ஊதாவாக நின்றால் மிஷின் தேறியது. இரண்டுமே ஊதா என்றால் ஆம்பியூல்தான் செத்தது, டெஸ்ட் செல்லாது. மறுபடியும் தோற்றால் கேஜையும் தெர்மோமீட்டரையும் கேலிப்ரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) அனுப்புங்கள். தேறும் வரை அந்த மிஷினில் போட்டு அலமாரியில் வைத்திருக்கும் பொட்டலங்களைப் பயன்படுத்தக் கூடாது. தேறியபின் இதை வாரம் ஒருமுறை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மன்னார்குடி, புதிதாக கிளினிக் தொடங்கும் பல் மருத்துவர்): அலுமினிய குக்கர் வகை, வெர்டிகல், டேபிள்-டாப் 'கிளாஸ் பி' என மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. விலை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசப்படுகிறது. எது போதும்?

பதில்: எதைப் போடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல் மருத்துவத்தில் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் இருக்கிறது. அதன் உள்ளே மெல்லிய குழாய். அந்தக் குழாய்க் காற்றை வெறும் ஆவி தள்ளி வெளியேற்றாது, வேக்குவம் பம்ப் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். கிளாஸ் 'பி' செய்வது அதைத்தான்: சூடேற்றும் முன் பலமுறை காற்றை இழுத்துவிட்டு, கடைசியில் பொட்டலத்தை உலர்த்தியும் தரும். கிளாஸ் 'என்' என்றால் பொட்டலமாகச் சுற்றாத, குழாய் இல்லாத திடக் கருவிகளுக்கு மட்டும். 'எஸ்' இரண்டுக்கும் நடுவில். எதெதைப் போடலாம் என்று தயாரிப்பாளரே எழுதித்தர வேண்டும். எழுதித்தராத 'எஸ்' மிஷினை வாங்காதீர்கள். உங்களுக்கு 'பி' தவிர வேறு வழியில்லை என்பதே எங்கள் எண்ணம். காயத்துக்குக் கட்டுப்போட்டு, தையல் போடும் பொது மருத்துவரானால் நல்ல வெர்டிகல் போதும் என்றிருப்போம்.

'பி' வாங்கினால் காலையில் முதல் லோடுக்கு முன் காலி மிஷினில் பௌவி-டிக் டெஸ்ட் பாக்கெட் ஒன்று போட்டுப் பாருங்கள். பம்ப் காற்றைச் சரியாக இழுக்கிறதா என்று அது சொல்லும். ஷீட் முழுக்க ஒரே சீராக நிறம் மாற வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தால் காற்று தங்கியிருக்கிறது.

வெர்டிகல் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. லிட்டர் கணக்கைக் கேட்டு ஏமாறாதீர்கள், உள்விட்டத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 11-க்கு 9 அங்குல டிரம் வைக்க வேண்டுமென்றால் உள்விட்டம் 12 அங்குலமாவது இருந்தால்தான் சுற்றி ஆவி ஓடும். தண்ணீர் குறைந்தால் தானே ஹீட்டரை நிறுத்தும் லோ-வாட்டர் கட்-ஆஃப் இருக்கிறதா, கேஜோடு தெர்மோமீட்டரும் இருக்கிறதா என்று கேளுங்கள். உதிரி கேஸ்கட் இரண்டும் ஹீட்டர் காயில் ஒன்றும் பில்லிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த அளவு கேஸ்கட்டுக்காகத் திருச்சிக்கு அலைய வேண்டாம்.

கரண்ட் விஷயம்: 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சாக்கெட் கருகும். 16 ஆம்பியர் சாக்கெட், தனி ஒயர், முறையான எர்த் மூன்றும் வேண்டும். சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் ஊர் என்றால் அதே ஹீட்டர் சுமார் 1.2 கிலோவாட் வேலைதான் செய்யும். 20 நிமிடத்தில் ஏறிய சூடு அரை மணிக்கு மேல் எடுக்கும். மிஷின் பழுது என்று அதற்காக ஆளைக் கூப்பிட வேண்டாம், காலையில் போடுங்கள்.

கேள்வி (வேதாரண்யம், ஆரம்ப நிலை மருத்துவமனை): எட்டு மாதத்தில் இரண்டு ஹீட்டர் காயில் போய்விட்டது. கருவிகளில் பழுப்புப் புள்ளி விழுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா?

பதில்: உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு போர் தண்ணீர் ஊற்றினால் காயில் எட்டு மாதம் தாங்கியதே பெரிது. காயிலின் மேல் படியும் உப்புக்காறை போர்வை மாதிரி. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்கி அது எரிந்துபோகிறது. தண்ணீரிலுள்ள குளோரைடு எவர்சில்வரில் ஊசிக் குத்துபோலக் குழி விழச் செய்யும். கருவியைக் கழுவ பிளீச்சிங் கரைசல் பயன்படுத்துகிறீர்களா என்றும் பாருங்கள், புள்ளிக்கு அதுவும் ஒரு காரணம்.

ஏ.சி. தண்ணீர் உப்பில்லாததுதான். ஆனால் காயிலிலும் டிரேயிலும் படிந்த தூசி, பாசி, உலோகத் துகள் எல்லாம் அதில் வரும், வேண்டாம். டிஸ்டில்டு அல்லது டீமினரலைஸ்டு தண்ணீர் வாங்குங்கள். பேட்டரிக்கென்று சீல் வைத்து விற்கும் டீமினரலைஸ்டு தண்ணீரும் சரி, ஆசிட் கலந்ததை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 10-க்குக் கீழே காட்டினால் நிம்மதியாக ஊற்றலாம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் 50-க்கு மேல் காட்டும். போருக்கு அது எவ்வளவோ மேல் என்றாலும் காறை மெதுவாகப் படியத்தான் செய்யும்.

இப்போதுள்ள காறைக்கு, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துக் காயில் மூழ்க ஊற்றி, மூடாமல் லேசாகச் சூடாக்கி அரை மணி விட்டு, மூன்று முறை அலசுங்கள். அலுமினியச் சட்டியானால் அவ்வளவு நேரம் விடாதீர்கள், அரித்துவிடும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, மகளிர் குழு): சிப்பிக் காளான் வளர்க்கிறோம். காளான் விதையான வித்தை நாங்களே தயாரிக்கலாம் என்று 12 லிட்டர் குக்கரில் சோளத்தை வைத்தோம். பத்துப் பாக்கெட்டில் ஆறு பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. ஆட்டோகிளேவ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகலாம், ஆனால் சட்டியை மட்டும் மாற்றி முறையை மாற்றாவிட்டால் பெரிய சட்டியில் பூசணம் வளரும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சோளத்தை அரைவேக்காடு வேகவையுங்கள். தானியம் வெடித்து மாவு வெளியே வந்தால் பாக்கெட்டுக்குள் களியாகி, நடுவில் ஆவி போகாது. பூசணத்துக்கு அதுதான் விருந்து. வடித்துத் துணியில் பரப்பி மேல்ஈரம் போக உலர்த்துங்கள். கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிர வேண்டும். கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலந்து, பாக்கெட்டுக்கு 300 கிராம் சுமாருக்கு முக்கால் உயரம் போடுங்கள். கவர் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கவராக இருக்கட்டும், சாதாரண பாலித்தீன் உருகிவிடும். வாயில் பி.வி.சி. வளையம் மாட்டி, தண்ணீர் உறிஞ்சாத பஞ்சை அடைத்து, மேலே காகிதம் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். மருந்துக் கடைப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சும். ஈரப் பஞ்சு பூசணத்துக்குத் திறந்த வாசல். உங்கள் ஆறு பாக்கெட்டில் சிலவாவது இப்படித்தான் போயிருக்கும்.

வித்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது 20 பவுண்டு, 2 மணி நேரம். வீட்டுக் குக்கர் 15 பவுண்டைச் சுற்றியே நிற்கும். விசில் அடிக்கும்போதெல்லாம் தண்ணீரும் குறையும். 2 மணி நேரம் ஓட்டினால் அடிபிடிக்கும் அபாயம் உண்டு. அதனால் வித்துத் தயாரிப்பைத் தொழிலாகவே செய்யப்போகிறீர்கள் என்றால் 20 பவுண்டு தாங்கும் என்று தகட்டில் அச்சிட்ட வெர்டிகல் வாங்குங்கள். பாக்கெட்டுகளை நெருக்கி அடுக்காமல், அடியில் தண்ணீர் படாதபடி தட்டின் மேல் வைத்து, முதல் பதிலில் சொன்னபடி காற்றை வெளியேற்றுங்கள். ஆறிய பிறகுதான் தாய் வித்தை (ஏற்கெனவே காளான் இழை பரவிய வித்தை) சேர்க்க வேண்டும்.

ஒரு செலவை மிச்சப்படுத்துகிறோம். காளான் படுக்கைக்கான வைக்கோலுக்கு ஆட்டோகிளேவ் தேவையில்லை. 4, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்தினால் போதும். மாதம் கொஞ்சம் பாக்கெட்தான் வேண்டும் என்றால் வித்தை வெளியே வாங்குவதே லாபம். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். மிஷின் வாங்கும் முன் ஒருமுறை போய் விசாரியுங்கள்.

கேள்வி (திருவாரூர்): ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலம் எல்லாம் ஈரமாகவே வெளியே வருகிறது. வெயிலில் காயவைக்கலாமா?

பதில்: கூடாது. ஈரத் துணி வழியாக வெளிக்கிருமி உள்ளே போய்விடும். ஈரமாக வந்த பொட்டலம் சுத்திகரிக்கப்படாத பொட்டலம்தான், மறுபடி போடுங்கள். மழை மேல் முழுப்பழியையும் போட வேண்டாம். கருவிகளைக் கழுவித் துடைக்காமல் கட்டுவது, டிரம்மைத் திணித்து அடைப்பது, மேலே இரும்பும் கீழே துணியுமாக அடுக்குவது எல்லாம் காரணம். இரும்பில் படியும் நீர் துணியில் சொட்டும். ஆகவே துணி மேலே, இரும்பு கீழே. மடிப்புகளுக்கு நடுவே உள்ளங்கை நுழைய வேண்டும். நேரம் முடிந்து பிரஷர் முழுக்க இறங்கியதும் மூடியை ஒரு விரல் இடைவெளி மட்டும் திறந்து 15, 20 நிமிடம் உள்ளேயே விடுங்கள். அப்புறம் எடுத்துச் சில்லென்ற கிரானைட் மேடையில் வைக்காமல் கம்பித் தட்டில் வையுங்கள். ஃபேன் காற்று வேண்டாம்.

கேள்வி (திருவையாறு, சலூன் மற்றும் காது குத்தும் கடை): நீல விளக்கு எரியும் 'யு.வி. ஸ்டெரிலைசர்' பெட்டி ஆட்டோகிளேவுக்குச் சமமா?

பதில்: இல்லை. வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் ஏதோ நடக்கும், நிழலில் ஒன்றும் நடக்காது. சுத்தம் செய்த சாமானை வைத்தெடுக்கும் அலமாரி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கொதிக்கவைக்கும் பெட்டியும் ஆட்டோகிளேவ் ஆகாது, ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்து 100 டிகிரியில் பிழைத்துவிடும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்கு எந்த மிஷினில் போட்டும் குத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை, கால்நடை மருத்துவர்): முள் சைபருக்கு வந்தும் மூடி திறக்க மறுக்கிறது. ஸ்பானர் வைத்து நெம்பலாமா?

பதில்: நெம்பாதீர்கள். ரொம்ப நேரம் ஆறவிட்டதால் உள்ளே வேக்குவம் விழுந்திருக்கிறது. வென்ட் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள், மூடி தானே இளகும். நெம்புவதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: கேஜ் முள் சிக்கிக்கொண்டு பொய்யாகவும் சைபர் காட்டும். வால்வைத் திறந்து ஆவி வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே நட்டில் கை வையுங்கள். முகத்தை ஒதுக்கி, மூடியின் பின்பக்கத்தை முதலில் தூக்குங்கள்.

சலைன், கிருமி வளர்க்கும் மீடியா போன்ற திரவம் இருந்தால் ஆவியைத் திறந்துவிட்டு அவசரப்படுத்தவே கூடாது. பாட்டில் பொங்கி வெடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, மூடியைத் தளர்த்தி வைத்து, தானாக ஆறவிடுங்கள். அரை லிட்டர் பாட்டிலுக்கு 30 நிமிடம், ஒரு லிட்டருக்கு 40. எண்ணெய், பவுடர், வாசலின் தடவிய காஸ் இவற்றுக்குள் ஆவி புகாது. அவற்றுக்கு ஹாட் ஏர் அவன் (உலர்சூட்டு அடுப்பு), 160 டிகிரி, 2 மணி நேரம்.

கேள்வி (சீர்காழி, ரத்தப் பரிசோதனை லேப்): கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பிளேட் கழிவையும் கருவிகளைப் போடும் அதே மிஷினில் போடலாமா?

பதில்: கழிவுக்குத் தனி மிஷின் வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு விதி. வேக்குவம் இல்லாத சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு, குறைந்தது 60 நிமிடம். கருவிக்கு வைக்கும் அரை மணிக் கணக்கு கழிவுக்குப் பொருந்தாது.

கேள்வி (மயிலாடுதுறை, தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவர்): ஆட்டோகிளேவ் வாங்கி ஐந்தாவது மாதமே வெல்டிங்கில் கசிவு. வாரண்டி ஒரு வருஷம். வெளியூர்க் கம்பெனி ஆள் அனுப்பாமல் இழுக்கிறது. "நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. தனியாக கிளினிக் நடத்தும் நீங்கள் அந்த விலக்கைக் காட்டி வாதாடலாம். சம்பளத்துக்குப் பலரை வைத்து நடத்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இது கஷ்டம்.

முதலில் அந்த மிஷினை ஓட்டுவதை நிறுத்துங்கள். உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைக்காதீர்கள். பிரஷர் சட்டியில் அது ஆபத்து, வாரண்டியும் அத்தோடு போகும். கசிவை வீடியோ எடுங்கள், தயாரிப்புத் தகட்டின் சீரியல் எண் தெரிகிற மாதிரி. பில், வாரண்டி அட்டை நகலோடு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதே ஊரிலிருந்து இன்னொருவர் பழைய மிஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். தகடு பிடுங்கப்பட்ட மிஷின் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தகடு இருந்தால் உள்ளே டார்ச் அடித்து வெல்டிங் ஓரத்திலும் தண்ணீர் மட்டக் கோட்டிலும் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். சேஃப்டி வால்வின் வாயில் நட்டோ கம்பியோ வைத்து அடைத்திருந்தால் அங்கிருந்து உடனே கிளம்பிவிடுங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தால், தண்ணீர் நிரப்பி வேலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றிச் சோதித்த ஹைட்ராலிக் டெஸ்ட் சான்றை விற்பவர் செலவில் கேளுங்கள். அதன்பின் உங்கள் கண்ணெதிரில் ஸ்போர் ஆம்பியூல் ஒன்றை உள்ளே வைத்து ஓட்டச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதை ஆம்பியூல் ஊதாவாக நிற்கும் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.